இனிஷியல் செய்த வேலை

"விசா ஆகலைம்மா. பார்டர்ல திருப்பி அனுப்பிட்டான்" என்றாள் ஸ்டெல்லா.

சங்கரன்கோவில் வீட்டு அடுக்களையில் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்த ஏசுவடியாள், அடுப்பை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். லாவோஸில் ஏதோ ஒரு பஸ் நிலையத்து இரைச்சல் கேட்டது.

"ஏம்மா, என்னாச்சு?"

"பேரு தப்பாம். நம்மூர்ப் பழக்கத்துல வி. ஸ்டெல்லான்னு அடிச்சிட்டேன். பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்குல்லா? ரெண்டும் வேற வேற ஆளுங்கான். இனிஷியல்னா என்னன்னு அவனுக்கு எப்படிச் சொல்லுதது?"

"போனை அவன்ட்ட குடுத்திருக்கணும். நான் சொல்லியிருப்பேன்."

"ஆமா, நீ நெல்லைத் தமிழ்ல சொல்லு, அவன் உடனே சீல் குத்திருவான்."

ஏசுவடியாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ வியட்நாம்?"

"புதுசா போட்டிருக்கேன். அது வரதுக்குள்ள இங்கன சும்மா கிடப்பானேன்? கம்போடியா போறேன். அங்கன போய் இறங்குன இடத்துலயே விசா குடுக்கான். பொறவு வியட்நாம். ஜனவரியில ஊருக்கு வாரேன்."

ஏசுவடியாளுக்குச் சுருக்கென்றது. இரண்டே மாதம் என்று முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள். ஆடித்தபசுக்கு வந்துவிடுவேன் என்றாள். தாய்லாந்தில் விசாவை நீட்டித்துக்கொண்டாள். கோயில் அசன விருந்துக்கு என்றாள், லாவோஸுக்குள் போய்விட்டாள். இப்போது கிறிஸ்துமஸும் போயிற்று.

"கோயில்ல எல்லாரும் எப்பம் எப்பம்னு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ல? நீ வந்ததும் முந்திரிக்கொத்து போடலாம்னு பயறு வறுத்துக்கிட்டிருக்கேன். அப்பா போனபொறவு இந்த வீட்டுல ஒரு பலகாரம் போடலை. இந்த வருசமாவது..."

ஸ்டெல்லா பேச்சை மாற்றினாள்.

"அம்மா, அப்பாவோட அட்லஸ் எங்கன இருக்கு?"

"இங்கனதான். பீரோ மேல."

வேதமுத்து இருந்தவரை, சாப்பாடு முடிந்ததும் அந்த அட்லஸ் தரையில் விரியும். "இன்னைக்கு எங்கன போவோம்?" என்பார். மூன்று பேர் விரலும் கடல் தாண்டும், மலை ஏறும். எங்கே சுற்றினாலும் அவர் விரல் மட்டும் கடைசியில் மீகாங் ஆற்றில் வந்து நிற்கும். அது கடலில் சேரும் இடத்தை ஒருநாள் மூன்று பேரும் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். போய்ச் சேர்ந்ததென்னவோ குற்றாலம் வரைதான். அதுவும் சீசன் முடிந்தபிறகு. "தண்ணி இல்லாட்டா என்ன, பாறையைப் பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு!" என்றார். அன்று சிரித்த சிரிப்பை நினைத்தால் ஏசுவடியாளுக்கு இப்போதும் நெஞ்சு இனித்தது, வலிக்கவும் செய்தது.

"அந்த ஆத்தங்கரை பஸ் ஸ்டாண்டுலதாம்மா நிக்கேன்" என்றாள் ஸ்டெல்லா. "இங்கன எல்லாரும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுதாங்க. நேத்து அந்த ஆபீசர் சத்தமாக் கூப்பிட்டானா, அப்பாதான் வந்துட்டாகளோன்னு திரும்பிப் பாத்துட்டேன். ஆறு கடல்ல சேருத இடம் வியட்நாம்ல இருக்கு. இவ்வளவு தூரம் வந்துட்டு, அதைப் பாக்காம எப்படித் திரும்புதது?"

ஏசுவடியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வறுத்த பயறை டப்பாவில் கொட்டி மூடினாள்.

"சரி, பாத்துட்டு வா. அப்பாவுக்கும் சேத்துப் பாரு. பயறு ஜனவரி வரைக்கும் கெட்டுப் போகாது."

"கோவமில்லையே?"

"கோவமெல்லாம் இல்லை. ஆனா ராத்திரி பஸ்ல ஏறக் கூடாது. யாரு என்ன குடுத்தாலும் வாங்கித் திங்கக் கூடாது. இருட்டுமுன்ன ரூமுக்குப் போயிரணும். தினமும் போன் வரணும், ஆமா! சொல்லிட்டேன்."

மறுமுனையில் ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்கப்பா எங்க மாமியா பேரை உனக்கு வச்சப்பவே நினைச்சேன். அந்தப் பேரை வாயால சொல்லக் கூடாதேன்னு உன்னை 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டுப் பழகுனது தப்பாப் போச்சு. ஏட்டி, நான் உன்னப் பெத்தேனா, நீ என்னப் பெத்தியா?"