இடது கன்னத்து வெயில்

ஸ்டுடியோ மேசையில் கல்யாண நாளின் நேரப்பட்டியல் விரிந்து கிடக்கிறது. மணப்பெண்ணின் படங்கள் எல்லாம் காலை பத்துக்குள் முடிகின்றன. "அப்பதான் மண்டபத்து வெளிச்சம் வலது கன்னத்துல விழும்," என்று போட்டோகிராபர் பென்சிலைப் பார்த்துச் சொல்கிறார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று மணப்பெண்ணான மகளுக்கு உறைக்கிறது. அவளுடைய இடது கன்னம் முழுக்கத் தீத்தழும்பு. "மாப்பிள்ளை தினமும் பஸ்ஸுல எனக்கு இந்தப் பக்கம்தாம்மா உட்கார்றாரு," என்று அந்தக் கன்னத்தைத் தொட்டுச் சொல்கிறாள். பென்சிலைப் பிடுங்கிப் பட்டியலில் பத்து என்றிருந்ததை அடிக்கிறாள். சாயங்காலம் நாலரை என்று அழுத்தி எழுதுகிறாள். நாற்காலியைக் கரகரவென்று ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, இடது கன்னத்தை வெயிலுக்குக் கொடுத்து உட்காருகிறாள். "இப்பவே ஒண்ணு எடுத்துப் பாருங்க சார்." அம்மாவின் கை பழக்கத்தில் நீண்டு, கூந்தலைக் கன்னத்தின்மேல் இழுத்துவிடுகிறது. மகள் அதை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்கிறாள்.