மூடியில் எழுதியது

விளக்குகளைப் போட்டார்கள். திரைகளை விலக்கினார்கள். முதியோர் விடுதியின் பெண்கள் கூடத்துக்குள் புது நர்ஸ் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிவைப்பது அங்கே வழக்கம். மூடியில் மையால் ஒரே ஒரு சொல், அவரவர் முன்பு பார்த்த வேலை. தையல். கண்டக்டர். டீச்சர்.

"பேர் எழுத வேணாமா சிஸ்டர்?" என்று நேற்றே கேட்டிருந்தாள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இங்க ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க," என்றார் பெரிய சிஸ்டர். "டீச்சர்கிட்ட மட்டும் உஷாரா இரு. ஜன்னலோரக் கட்டில். மாத்திரைன்னாலே 'டீச்சர் தூங்கறாங்க, டீச்சர் ஊருக்குப் போயிட்டாங்க'ன்னு அவங்களே சொல்வாங்க. நம்பிடாதே."

இன்றுதான் அவள் முதன்முதலாகத் தனியே வருகிறாள். எல்லோருக்கும் ஒரே நீல அங்கி, ஒட்ட வெட்டிய நரைமுடி.

ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மா வெயிலுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

"டீச்சர், மாத்திரை."

அந்த அம்மா ஏதோ சொன்னார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். ஆ காட்டுங்க."

காட்டினார். அங்கே வந்து கொஞ்ச நாளானால் எல்லோருக்கும் அது பழகிவிடும்.

அவள் கடைசிக் கட்டிலை எட்டுவதற்குள் பின்னால் டம்ளர் விழுந்தது. அந்த அம்மாவின் உதடும் கண்ணும் வீங்கியிருந்தன. மூச்சுக்காக வாய் திறந்து திறந்து மூடியது.

பக்கத்துத் தெரு டாக்டர் ஓடி வந்தார். ஊசி போட்டார், நெஞ்சை அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"மாத்திரை ஒத்துக்கலை. தொண்டை அடைச்சிருக்கு. முன்னாடி சாப்பிட்டிருக்காங்களா?"

"சீட்டுல அஞ்சு நாளா இதேதான் சார். ஒண்ணும் ஆகலை." நர்ஸ் டப்பாவின் மூடியைக் காட்டினாள். "டப்பாவைப் பார்த்துத்தான் சார் கொடுத்தேன்."

டாக்டர் அந்த அம்மாவின் முகத்தை மூடிவிட்டு நகர்ந்தார்.

பெரிய சிஸ்டர் வந்து துணியை விலக்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"கொடுக்கறப்ப இவங்க ஒண்ணுமே சொல்லலையாடி?"

"சொன்னாங்க சிஸ்டர்."

"என்ன சொன்னாங்க?"

"'டீச்சர் குளிக்கப் போயிருக்காங்க, அப்புறம் வாம்மா'ன்னாங்க."