பின்னேரக் குளிசை

ஓட்டோ கேற்றடியில் நின்றதும் ரைகர் தானாக இறங்கப் பார்த்தது. பின்னங்கால்கள் இடம் கொடுக்கவில்லை.

ஓட்டோக்காரன் றமேஸ் இறங்கி வந்து நாயைத் தூக்கி முற்றத்தில் விட்டான்.

"டொக்டர் என்ன சொன்னவர், ரீச்சர்?"

"வயது போட்டுதாம்," என்றாள் மகாதேவி.

அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. டொக்டர் சொன்னது வேறு. மண்ணீரலில் கட்டி. புற்றுநோய்தான். இந்த வயதில் வெட்டி எடுத்தாலும் தாங்காது. நோவைக் குறைக்கக் குளிசை தருகிறேன், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அளவு மிஞ்சினால் இரத்தமாகச் சத்தி எடுக்கும். விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கள்.

பிறகு முன்னங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு டொக்டர் ஒன்று கேட்டார். "இதிலை மயிரை வழிச்சு இரத்தம் எடுத்திருக்கினம். முதல் வேறை ஆரிட்டையும் காட்டினீங்களோ?"

இல்லை என்றுதான் அவள் சொன்னாள். வரும் வழியெல்லாம் அந்த இடத்தையே தடவிக்கொண்டு வந்தாள். இவ்வளவு நாளும் அதைச் சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் பூசியிருக்கிறாள்.

சேலையைக்கூட மாற்றாமல் கதிரையில் விழுந்தாள். அடித்துப்போட்டாற்போல் இருந்தது உடம்பு. மிஞ்சின புட்டுக்குள் குளிசையைப் பொதிந்து கொடுக்க வேண்டும். எழும்ப முடியவில்லை.

ரைகர் கொஞ்சநேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல நடந்து வீட்டின் பின்பக்கம் போனது. வேலிக்கு அடியில் அது எப்போதோ தோண்டிய பள்ளத்துக்குள் வயிற்றை இழுத்து இழுத்து மறுபக்கம் போய்விட்டது.

அந்தப் பக்கம் பரமலிங்கத்தின் வளவு. தகரவேலி அவர் அடைத்தது. எல்லைக்கல்லில் தொடங்கிய வழக்கு கோட்டுத் தீர்ப்போடு முடிந்தும், கோபம் முடியவில்லை. அவருடைய மனைவியின் செத்தவீட்டுக்குக்கூட மகாதேவி போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து பறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாய்க்கு வழக்குத் தெரியாது. ஒரு மாரிக்கு நனைந்துகொண்டு வந்த குட்டி, இரண்டு வீட்டையும் தன் வீடாக்கிக்கொண்டது. பகலில் அங்கே, இரவில் இங்கே. மீன் மணத்தோடு திரும்பி வரும் நாட்களில் மகாதேவி அதை வைவாள். அதோடு சரி.

இப்போது தகரத்துக்கு அப்பாலிருந்து பரமலிங்கத்தின் குரல் கேட்டது. அங்கே அதற்கு வேறு பெயர்.

"மணியன், துப்பாதையடா. மீனோடை சேர்த்துக் குளிசையையும் விழுங்கு."

மகாதேவி எழுந்தாள். கால் தானாக வேலியடிக்குப் போனது. நாயின் காலில் இரத்தம் எடுப்பித்தது ஆர் என்று விளங்கிவிட்டது. ஆத்திரம் வந்திருக்க வேண்டும். அதற்கும் தெம்பு இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியவில்லை, முறை சொல்லிக் கூப்பிடவும் நா எழவில்லை. தகரத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள்.

"டொக்டரிட்டைக் கொண்டு போட்டு வாறன். எனக்கும் குளிசை தந்து விட்டவர். ரெண்டு பேரும் குடுத்தால் அதுக்குக் கூடாது."

அந்தப் பக்கம் சருகு மிதிபட்டது. கிட்ட வந்து நின்றார்.

"எனக்குப் போன மாதமே தெரியும்," என்றார். குரல் கிழண்டுபோயிருந்தது. "சொல்லவேணும் எண்டு வேலிக்கு வாறனான். வந்து வந்து திரும்பிப் போறது."

அவர் செருமிக்கொண்டார்.

"காலமைக் குளிசையை நீ குடு. பின்னேரக் குளிசையை நான் குடுக்கிறன்."

நீ.

ஊரில் கிழவர் முதல் குஞ்சு குருமான் வரை எல்லாருக்கும் அவள் ரீச்சர். 'நீங்கள்' என்றுதான் கதைப்பார்கள். 'நீ' என்று கூப்பிட்ட அம்மாவும் ஐயாவும் போய்விட்டார்கள். அப்படிக் கூப்பிட இனி உலகத்தில் இருப்பது, கூடப்பிறந்த இந்த ஒருவர்தான்.

மகாதேவி நெற்றியைத் தகரத்தில் சாய்த்தாள்.

"ஓம், அண்ணை."