ஒரு விரல் குறைந்த மீன்

மலையாற்றில் கோடை பிறந்ததும் நீர்ப்பூச்சிகள் மொய்க்கத் தொடங்கின. பாறை மடுவில் வாழ்ந்த செம்புள்ளி என்ற டிரவுட் மீன், ஒருநாள் இறகால் செய்த பொய்ப்பூச்சியைக் கவ்வித் தூண்டிலில் மாட்டிக்கொண்டது. தூண்டில்காரர் அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, மெல்லத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

கிழிந்த உதட்டோடு திரும்பிய செம்புள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்காக அந்த மனுஷர் தண்ணிக்குள்ள மண்டி போட்டார், தெரியுமா? என் அழகைப் பார்த்துக் கொல்ல மனசு வரல" என்று கல்லிடுக்கு நண்டிடம் பீற்றிக்கொண்டது.

"அழகுமில்ல, ஒண்ணுமில்ல. கோலை வச்சு உன்னை அளந்தார். 'பொடிசு, இன்னும் ஒரு விரல் வளரணும்'னு சிரிச்சார். நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றது நண்டு.

செம்புள்ளிக்குச் சுருக்கென்றது. "பொடிசா? நானா?"

அன்றிலிருந்து புழு, பூச்சி, குஞ்சுமீன் என்று எதையும் விடாமல் தின்றது. உடம்பு திரண்டு வந்தது.

கோடை முற்றுவதற்குள் அதே தூண்டில்காரர் வந்தார். பொய்ப்பூச்சி நீர்மேல் வந்து உட்கார்ந்தது.

"அது பூச்சி இல்லடி, போகாதே!" என்று நண்டு கத்தியது.

"எனக்கும் தெரியும். இப்ப அளந்து பார்க்கட்டும்!" என்று சொல்லி, செம்புள்ளி எகிறிக் கவ்வியது.

தூண்டில்காரர் கோலை வைத்துப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "போதும்" என்றபடி கூடையைத் திறந்தார்.

"நண்டே, கேட்டியா?" கூடைக்குள் விழும்போது செம்புள்ளி பெருமை பொங்கக் கூவியது. "நான் போதுமாம்!"