ஆறாவது துளை

மீரானின் உயிர் எட்டணா. சேட்டின் பந்தயக் காரை ஓட்டியவன் அவன்.

"வாப்பா, சீட்டுக்குப் பின்னால ஜாக்கி உருளுது. ஒரு வாரு போட்டுத் தாங்க," என்றான் மீரான்.

"சேட்டு ரெண்டரை ரூவாங்கான். மூணு தந்தாத்தாம்ல வாரு," என்றார் அவனுடைய வாப்பா, தாராவித் தோல்கடை ஜெயினுலாப்தீன்.

மறுநாள் கல்யாண் சாலையில் பிரேக் பிடித்தபோது ஜாக்கி மீரானின் பிடரியில் பாய்ந்தது.

மீரானுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும், ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வாப்பா காசு வாங்காமல் வாரால் கட்டிக்கொடுத்தார். வாரில் ஐந்து துளைகள்.

அடுத்த மாதம் சேட்டின் கார் கடைக்கு வந்தது. வார் புதிய துளையொன்றில் இறுக்கி மாட்டியிருந்தது. துளை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கடையில் கூடமாட நிற்கும்போது மீரான் போடும் துளைகள் அப்படித்தான் சாயும்.

"யாரு போட்டது?"

"மாலூம் நஹி, மியான்," தெரியாதென்று கைவிரித்தார் சேட்.

வாப்பா விரலால் தடவித் தடவி எண்ணினார். ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, வார் ஒன்று. அவர் போட்ட துளை ஐந்து. இருப்பது ஆறு.