ஒடித்துப்போட்ட பிரஷ்

மேடை என்றாலே ஓவியர் ராஜபாண்டிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"சொந்தக் கதை ஒன்ன உருக்கமா எடுத்து விடு மாப்ள. பயம் தன்னால ஓடிரும்" என்றான் நண்பன் கருப்பு.

மதுரையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் ராஜபாண்டி மைக்கைப் பிடித்தான்.

"சின்ன வயசுல, எங்கப்பா குடிச்சிட்டு வந்து என் பிரஷ்ஷ ஒடிச்சு அடுப்புல போட்டாரு. அன்னைக்குத்தான் விரலால வரைய ஆரம்பிச்சேன்."

கைதட்டல் அடங்கவே இல்லை. அவனுடைய கூச்சம் போன இடம் தெரியவில்லை.

இறங்கி வந்தவன் திடுக்கிட்டு நின்றான். குடியை விட்டுப் பத்து வருஷமான அப்பா, சோழவந்தானிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து வந்து அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"போதையில என்னென்ன பண்ணுனேனோ, ஒன்னும் நெனப்பில்லப்பா. மன்னிச்சிரு."

அது கைதட்டலுக்காகக் கட்டிவிட்ட கதை என்று சொல்ல, ராஜபாண்டிக்கு நா எழவில்லை.