நிற்கும் ஆட்டோ

கோடை விடுமுறையிலும் சுமையாவுக்கு மூன்று ஆன்லைன் வகுப்புகள், ஒரு ப்ராஜெக்ட். ஓரறை வீட்டில் ஆறு பேர், ஓயாத டிவி. அதனால் மதியம் அத்தா தூங்கும்போது, வாசலில் நிற்கும் அவருடைய ஆட்டோவின் பின்சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவாள். சீட் முதுகைச் சுடும். பாடம் சலித்தால், மனசுக்குள்ளேயே அந்த ஆட்டோவைக் கடற்கரைவரை ஓட்டிப் போய்த் திரும்புவாள்.

அன்று ஒரு பெண் விறுவிறுவென்று வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். காலில் செருப்பில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"டிரைவர் தூங்குறார்க்கா. எழுப்பட்டுமா? எங்க போகணும்?" என்று கேட்டாள் சுமையா.

அந்தப் பெண் தெருக்கோடியைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கயும் இல்லம்மா. கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்துக்கிறேன்."

சுமையா லேப்டாப்பை மூடினாள். பிறகு எட்டி, தெருப் பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டாள்.